போர் விமானச் சத்தமும் கோழிப் பண்ணையும்: சட்டம் எதுவரை துணை வரும்?

பல்லடம் வட்டத்தில், ஊரிலிருந்து தள்ளித் தோட்டத்துச் சாளையில் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவரும் கணவரும் ஐயாயிரம் கோழி பிடிக்கும் கறிக்கோழி ஷெட் ஒன்றை ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து நடத்துகிறார்கள். சில ஆண்டுகளாகப் போர் விமானங்கள் "தென்னை மட்டையைத் தொடுவதுபோல" தாழப் பறக்கின்றன என்றும், சில நாள்களில் இரவிலும் பறக்கின்றன என்றும் எழுதுகிறார். கடந்த ஐப்பசியில் ஓர் இரவு அப்படிச் சத்தம் வந்தபோது கோழிகள் மிரண்டு, ஷெட்டின் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டவை இறந்தன. மிஞ்சியவை பல நாள் தீவனம் சரியாக எடுக்கவில்லை. அந்த பேட்சுக்குக் கிடைத்த வளர்ப்புக் கூலி வழக்கமானதில் பாதிதான். இறந்த கோழிகளைப் பக்கத்துப் பள்ளத்து ஓடையில் போட்டுவிட்டதாகச் சொல்கிறார். இன்னொரு நாள் நண்பகலில் வெடி வெடித்ததுபோல ஒரே ஒரு பெருஞ்சத்தம் கேட்டு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் மாமியார் ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மகன் மொட்டை மாடியில் நின்று விமானங்களைப் படம்பிடித்து, நேரம், திசை, எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லி யூடியூபில் போடுகிறான். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு அனுப்பிய புகாருக்குப் பதில் வரவில்லை. "உயர் நீதிமன்றத்தில் தடை வாங்க முடியுமா? பக்கத்தில் பள்ளிக்கூடம் இருப்பதால் இது அமைதி மண்டலம்தானே? இராணுவத்தின் மேல் கேஸ் போட்டால் தேசத்துரோகம் என்று சொல்லிவிடுவார்கள் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கணவரின் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பயம் இருக்கும்வரை மற்ற எதையும் நீங்கள் செய்ய மாட்டீர்கள். நடந்த இழப்பைச் சொல்லி அரசிடம் நிவாரணம் கேட்பது குற்றம் ஆகாது. நாட்டின் இறையாண்மைக்கு எதிரான செயல்களைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவே, அரசின் நடவடிக்கையைச் சட்டவழியில் மாற்றிக்கொள்ளும் நோக்கத்தோடு அதை ஏற்காமல் கருத்துச் சொல்வது அந்தக் குற்றத்தில் சேராது என்று தன் விளக்கவுரையில் சொல்கிறது. கொங்கு நாட்டில் படைக்கு ஆள் அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பங்களின் தோட்டத்திலும் கோழி இறந்தால் நட்டம் நட்டம்தான். விமானப்படை வேண்டும் என்பதும், அதன் பயிற்சியால் ஒரு சிறு விவசாயிக்கு ஏற்படும் இழப்பை அவர் தலையிலேயே கட்டிவிடக் கூடாது என்பதும் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடிய இரண்டு பேச்சுகள்.

ஆனால் உங்கள் மகன் செய்வது வேறு. அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். விமானப்படைத் தளங்கள் 1923-ஆம் ஆண்டின் அலுவல்முறை இரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடங்கள். எத்தனை விமானம், எந்தத் திசையில், எந்த நேரத்தில் என்று தொடர்ச்சியாகப் பதிவு செய்து உலகத்துக்கே வெளியிடுவது, பையனுக்குத் தீய நோக்கம் துளியும் இல்லாவிட்டாலும், விசாரணைக்கு வழி திறந்துவிடும். ஆர்வத்தில் ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே தடுத்துவிடுங்கள். தளங்களைச் சுற்றியுள்ள வான்வெளியில் அதற்குக் கடுமையான தடை உண்டு. நேரக் குறிப்பு சாட்சியமாக உங்களுக்குத் தேவைதான். அதை எப்படி எடுப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

கடிதத்தில் உள்ள சில அனுமானங்கள்

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடமிருந்து பதில் வராததில் வியப்பில்லை. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம், படைகளுக்குச் சொந்தமான விமானங்களுக்குப் பொருந்தாது என்று தானே விலக்கு அளித்திருந்தது. அந்தச் சட்டத்துக்கு மாற்றாக பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகும் இராணுவ விமானங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆளுகையில்தான் இருக்கின்றன. ஆகவே உங்கள் மனு சேர வேண்டிய இடம் வேறு. இதே விலக்கில் உங்களுக்குச் சாதகமான ஒரு நுணுக்கமும் உண்டு. நியாயமான உயரத்தில் விமானம் பறந்ததை மட்டுமே காரணமாகக் காட்டி யாரும் தொல்லை வழக்குத் தொடர முடியாது என்று பழைய சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுத்தது. அந்தச் சட்டமே இராணுவ விமானங்களுக்குப் பொருந்தாது என்னும்போது, அந்தத் தடையை அரசு கேடயமாகப் பிடிக்க முடியாது என்று வாதிட இடம் இருக்கிறது. வாதிட இடம் இருக்கிறது என்பதற்கு மேல் நான் உறுதி தரமாட்டேன்.

அமைதி மண்டலம் பற்றிய உங்கள் எண்ணம் பலருக்கும் உள்ளதுதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க வழிசெய்கின்றன. அங்கே பகலில் 50, இரவில் 40 டெசிபல் என்பது வரம்பு. குடியிருப்புப் பகுதிக்கு அது 55, 45. ஆனால் அந்த விதிகள் குறிவைப்பது ஒலிபெருக்கி, வாகன ஹாரன், பட்டாசு, கட்டுமான இயந்திரம் போன்ற தரைமட்ட ஒலிகளை. விமான நிலையப் பகுதிகளுக்கென்று 2018-இல் தனி ஒலி வரம்புகள் வெளியாயின. போக்குவரத்து மிகுந்த நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65, மற்றவற்றுக்கு 65, 60. அவை சிவில் விமானங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றைக் காட்டிப் போர் விமானத்தை நிறுத்தச் சொல்லும் வாதம் நிற்காது.

இந்த வரம்புகளெல்லாம் சராசரிக் கணக்கில் அமைந்தவை என்பதையும் கவனியுங்கள். ஒரு விமானம் உங்கள் ஷெட்டின் மேல் 100 டெசிபல் அளவில் 20 விநாடி கடந்து போகிறது, மற்றபடி நாள் முழுதும் நிசப்தம் என்று வைத்துக்கொண்டால், பகல் 16 மணி நேரத்துக்குப் பரப்பிய சராசரியில் அது ஏறக்குறைய 65 டெசிபல் என்றுதான் தெரியும். கோழி நெரிந்தது அந்த 20 விநாடியில். தாழப் பறக்கும் ஜெட் விமானத்தின் சத்தம் மெல்ல வளர்ந்து வருவதில்லை, கண்மூடித் திறப்பதற்குள் உச்சத்துக்கு ஏறிவிடுகிறது. உயிர்களை மிரளவைப்பது அந்தத் திடீர் ஏற்றம். எனவே "வரம்பு மீறிவிட்டது" என்ற ஒற்றை வாதத்தில் வழக்கைக் கட்டினால், எதிர்த்தரப்பு சராசரியைக் காட்டி உங்களை எளிதாக மடக்கிவிடும். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட இழப்பு என்ற அடிப்படையில் நின்றால்தான் உங்கள் காலுக்குக் கீழே தரை உறுதியாக இருக்கும்.

கண்ணாடியை விரிசல்விட்ட அந்த ஒற்றைப் பெருஞ்சத்தத்தைத் தாழப் பறந்ததற்குச் சான்றாகக் காட்டாதீர்கள். நீங்கள் விவரிக்கும் விதத்தைப் பார்த்தால் அது ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது எழும் அதிர்வொலியாக இருக்கலாம். தரைமட்டத்தில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர். அத்தகைய ஒலி மிக உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்தும் தரைக்கு இறங்கும். 30,000 அடி உயரத்தில் போனால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அகலத்துக்குக் கேட்கும். 2020 மே 20 அன்று பெங்களூரு முழுவதையும் திடுக்கிட வைத்த சத்தம் அப்படி உயரத்தில் நடந்த ஒரு சோதனைப் பறத்தலில் எழுந்ததுதான் என்று பாதுகாப்பு அமைச்சகம் பிறகு விளக்கியது. கண்ணாடி விரிசலைத் தனி நிகழ்வாகத் தனி மனுவில் எழுதுங்கள். கோழி இறப்போடு கலந்தால் இரண்டும் பலவீனமாகும்.

"தென்னை மட்டை உயரம்" என்பதையும் மனுவில் எழுத வேண்டாம். வேகமாகவும் உரத்தும் கடக்கும் விமானம் கண்ணுக்கு உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். நீங்கள் சொன்ன உயரம் தவறு என்று ஒரு பதிவேடு காட்டிவிட்டால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளின் மேலும் சந்தேகம் படரும். எந்தத் தளத்திலிருந்து வந்தது என்றும் நீங்களாக முடிவுகட்டாதீர்கள். சூலூரில் தேஜஸ் விமானங்கள் இருக்கின்றன, தஞ்சாவூரில் சுகோய் விமானங்கள் இருக்கின்றன, கோவை பீளமேட்டு விமான நிலையத்துக்கு வந்துபோகும் பயணிகள் விமானங்களும் இதே வானத்தில்தான் பறக்கின்றன. இராணுவ விமானம் என்று நிறுவினால் போதும். எந்தத் தளமாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டிய தரப்பு இந்திய ஒன்றிய அரசு ஒன்றே.

தடை கேட்கலாமா?

கேட்க உரிமை உண்டு, கிடைக்காது என்பதே என் நேர்மையான மதிப்பீடு. ஒலித் தொல்லையின்றி வாழ்வது அரசியலமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 தீர்ப்பில் சொன்னது. உங்கள் வழக்கறிஞர் அதை மேற்கோள் காட்டுவார், காட்டவும் வேண்டும். ஆனால் அந்த வழக்கு ஒலிபெருக்கி, பட்டாசு, வாகனச் சத்தம் பற்றியது. படைகள் எங்கே, எப்போது, எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்ற முடிவில் நம் நீதிமன்றங்கள் தலையிடத் தயங்கும். கோட்டாட்சியர் பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தையும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டு ஒரு போர் விமானப் பிரிவை நிறுத்துவது நடைமுறையில் இல்லாத காரியம்.

பிற நாட்டு நீதிமன்றங்களின் போக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்காவில் 1946-இல் தீர்ப்பான காஸ்பி வழக்கு உங்கள் கதையைப் போலவே இருக்கும். வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ அருகே ஒரு கோழிப்பண்ணைக் குடும்பம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ விமானங்கள் அந்தப் பண்ணைக்கு மேல் 83 அடி உயரத்தில் இறங்கும் பாதையில் பறந்தன. பயத்தில் சுவரில் மோதியே சுமார் 150 கோழிகள் இறந்தன. அவர்கள் கோழித் தொழிலையே கைவிட நேர்ந்தது. நிலத்தின் பயன்பாட்டை நேரடியாகவும் உடனடியாகவும் கெடுக்கும் அளவுக்குத் தாழவும் அடிக்கடியும் பறந்தால் அது அந்த நிலத்தையே எடுத்துக்கொண்டதற்குச் சமம், இழப்பீடு தர வேண்டும் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். இங்கிலாந்தில் 2003-இல், விட்டரிங் தளத்துப் பயிற்சி விமானங்களின் சத்தத்தால் பாதிக்கப்பட்ட டென்னிஸ் குடும்பத்துக்கு 9,50,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது, பறத்தலை நிறுத்தும் உத்தரவு கிடைக்கவில்லை. ஜப்பானில் அட்சுகி தளத்து வழக்கில் கீழ் நீதிமன்றம் இரவுப் பறத்தலுக்கு விதித்த தடையை 2016-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது, நடந்துபோன தொல்லைக்கான இழப்பீட்டை நீக்கவில்லை. இவை எதுவும் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. காஸ்பி தீர்ப்பு நிற்கும் அரசியலமைப்பு விதியும் நம்முடையது அன்று. ஆனால் பொதுநலனுக்காகப் பறத்தல் தொடரட்டும், அதன் சுமையைச் சிலர் மட்டும் சுமக்க வேண்டாம் என்ற நியாயம் எந்த ஊரிலும் எடுபடும். நீங்கள் கேட்க வேண்டியது அதைத்தான்.

யாருடைய கோழி, யாருடைய இழப்பு

இந்தக் கேள்வியை உங்கள் கடிதம் எழுப்பவே இல்லை, ஆனால் வழக்கின் உயிர்நாடி இதில் இருக்கிறது. நம் பகுதியின் ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனம் தருபவை. இடமும் ஷெட்டும் உழைப்பும் மின்சாரமும் மட்டுமே உங்களுடையவை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கோழியின் உடைமையாளர் நிறுவனம்தான். எனவே இறந்த கோழிகளின் சந்தை விலையை நீங்கள் கோரினால் "உங்களுக்கு அதில் உரிமை இல்லை" என்று முதல் பக்கத்திலேயே தள்ளிவிடுவார்கள். உங்கள் இழப்பு, குறைந்துபோன வளர்ப்புக் கூலி. மார்ட்டாலிட்டி எனப்படும் இறப்பு விகிதம் கூடியதால் ஒரு பங்கு, எஃப்சிஆர் எனப்படும் தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடை கூடத் தேவைப்படும் தீவனத்தின் அளவு) கெட்டதால் ஒரு பங்கு என்று அது இரண்டு வழியாகக் குறைகிறது. ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து, எதிர்பாராத நிகழ்வுகளால் ஏற்படும் இறப்பு யார் கணக்கில் சேரும் என்ற வாசகத்தைப் படியுங்கள். சத்தத்தால் ஏற்பட்ட இறப்பை உங்கள் பராமரிப்புக் குறையாகக் கணக்கிட்டு நிறுவனம் கூலியைப் பிடித்திருந்தால், அவர்களிடமும் எழுத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். கோழியின் விலைக்காக நிறுவனமும் உங்களோடு சேர்ந்து கோரிக்கை வைத்தால் மனுவின் எடையே மாறும். அவர்களிடம் மருத்துவர்களும் கணக்கர்களும் இருக்கிறார்கள்.

நடந்த இழப்புக்கான சான்று பலவீனமாக இருப்பதை மறைக்காமல் சொல்கிறேன். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை, படம் எடுக்கவில்லை, கோழிகளை ஓடையில் போட்டுவிட்டீர்கள். நெரிசலில் மூச்சுத் திணறி இறந்ததா, வெக்கையிலா நோயிலா என்பதைக் கால்நடை மருத்துவரின் அறிக்கை இல்லாமல் நிறுவுவது கடினம். பேட்ச் அட்டையில் அன்றைய இறப்பு எண்ணிக்கையும், சூப்பர்வைசர் எழுதிய குறிப்பும் இருக்கும். அவற்றின் நகலை வாங்கி வையுங்கள்.

ஓடையில் போட்டது வேறொரு வகையிலும் உங்களுக்கு ஆபத்து. விமானத் தளத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் பறவைகளை ஈர்க்கும் கழிவைக் கொட்டக் கூடாது என்று விமான விதிகளின் 91-ஆம் விதி சொல்கிறது. செத்த கோழிக்குப் பருந்தும் காகமும் வரும், அவை விமான இயந்திரத்தில் மோதினால் விமானியின் உயிருக்கே ஆபத்து. நீங்கள் இழப்பீடு கேட்டு மனுக் கொடுத்த மறுநாள் உங்கள் ஓடையை யாராவது படம் எடுத்தால் நிலைமை தலைகீழாகிவிடும். இனி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அடுத்த முறை இப்படி நடந்தால் செய்ய வேண்டியவை இவை. ஷெட்டுக்குள், கோழிகளை மட்டும் நோக்கி, ஒலியும் நேரமும் பதிவாகும்படி ஒரு சிசிடிவி கேமரா பொருத்துங்கள். வானத்தை நோக்கி வைக்கவே கூடாது. சத்தம் வந்த நேரம், கோழிகள் நெரிந்த காட்சி இரண்டும் ஒரே பதிவில் கிடைப்பதைவிட வலுவான சாட்சியம் உங்களுக்கு அமையாது. அந்தப் பதிவை நீதிமன்றத்தில் சேர்க்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதை வழக்கறிஞர் தயாரித்துத் தருவார். கூடவே ஒரு நோட்டில் நாள், மணி, எவ்வளவு நேரம் கேட்டது, கோழிகளும் வீட்டாரும் எப்படி இருந்தார்கள் என்பதை மட்டும் அன்றன்றே எழுதுங்கள். விமானத்தின் எண்ணோ திசையோ எண்ணிக்கையோ வேண்டாம். இறப்பு நடந்த காலையிலேயே அரசு கால்நடை மருத்துவரை அழைத்துப் பரிசோதனை அறிக்கை பெறுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நிறுவனத்தின் சூப்பர்வைசரை வரவழைத்துக் கையெழுத்து வாங்குங்கள். செல்போன் செயலியில் எடுத்த டெசிபல் அளவு உங்கள் சொந்தத் தகவலுக்கு உதவும், சாட்சியமாக நிற்காது.

மனு யாரிடம், எதைக் கேட்டு

முதல் மனுவை அருகிலுள்ள தளத்தின் தலைமை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகலை மாவட்ட ஆட்சியருக்கும் பாதுகாப்பு அமைச்சகச் செயலருக்கும் அனுப்புங்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் அதே மனுவைப் பதிவு செய்யுங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்களைச் சுற்றியுள்ள பண்ணைக்காரர்கள் அதே இரவில் இழந்திருந்தால், ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தனித்தனியாக எழுதி ஒன்றாகக் கொடுப்பது நல்லது. கிராம சபையில் ஒரு தீர்மானம் வந்தால் ஆட்சியர் அதை ஒதுக்கிவிட முடியாது.

இழப்பீட்டோடு சேர்த்து, அவர்களால் தரக்கூடிய இரண்டை நாசூக்காகக் கேளுங்கள். ஒன்று, முன்னறிவிப்பு. திருச்சி மாவட்டம் வீரமலைப்பாளையத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சி நடக்கும் நாள்களை மாவட்ட நிர்வாகம் பொதுமக்களுக்கு அறிவிப்பது வழக்கம். "இந்த வாரம் இரவுப் பயிற்சி உண்டு" என்ற ஒரு வரி, பாதையோ நேரமோ இல்லாமல், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வந்தாலே ஷெட்டில் ஆள் படுத்துக்கொள்ளலாம், மங்கலான விளக்கை விட்டு வைக்கலாம், கோழிகள் ஒரே மூலையில் குவியாமல் குறுக்குத் தடுப்பு வைக்கலாம். இந்த ஒரு வரியை ஒரு நிர்வாகம் மறுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. பாதுகாப்பு அமைச்சகம் இதை எல்லாத் தளங்களுக்கும் ஒரு நடைமுறையாகவே எழுதி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று, பொதுத்தேர்வு நாள்களில் தேர்வு நடக்கும் மணி நேரங்களில் பள்ளியின் மேல் தாழப் பறப்பதைத் தவிர்க்கும்படியான வேண்டுகோள். இதைப் பள்ளி மேலாண்மைக் குழு தன் தீர்மானமாக அனுப்புவது முறை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு ஓரளவு கைகொடுக்கும். விமானப்படை அந்தச் சட்டத்துக்கு வெளியே இல்லை. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். பறக்கும் நேரம், பாதை, உயரம் பற்றிக் கேட்டால் பாதுகாப்பைக் காரணம் காட்டி 8-ஆம் பிரிவின்படி மறுப்பார்கள், மறுப்பதும் சரியே. உங்கள் மனுவின்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கால்நடை இழப்புக் கோரிக்கைகளைக் கையாளும் நடைமுறை என்ன என்று கேளுங்கள்.

1938-ஆம் ஆண்டின் இராணுவப் பயிற்சி மற்றும் பீரங்கிப் பயிற்சிச் சட்டத்தைப் பற்றி உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அறிவிக்கை செய்யப்பட்ட பகுதியில் பயிற்சி நடந்து சேதம் ஏற்பட்டால் வருவாய்த் துறை மதிப்பிட்டு இழப்பீடு தர அது வழிசெய்கிறது. அன்றாட விமானப் பயிற்சிக்கு அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. ஆனால் படைப் பயிற்சியால் குடிமகனுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்வது நம் சட்டத்துக்குப் புதிதல்ல என்று காட்ட, மனுவில் ஒரு பத்தி எழுதலாம்.

நீதிமன்றம் போவதானால்

மனுக்களுக்குப் பலன் இல்லாவிட்டால் இரண்டு வழிகள் இருக்கின்றன. உரிமையியல் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசின்மேல் இழப்பீட்டு வழக்கு ஒன்று. அதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி முன்னதாக இரண்டு மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும். நாட்டின் பாதுகாப்பு அரசின் இறையாண்மைப் பணி, அதற்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்று அவர்கள் வாதிடுவார்கள். அந்தப் பழைய கோட்பாட்டை 1994-இல் நாகேந்திர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வெகுவாகக் குறுக்கியது. ஆயினும் நாட்டின் பாதுகாப்பு அந்தக் குறுகிய வட்டத்துக்குள்ளேயே எஞ்சியிருப்பதால், இது உங்கள் வழக்கின் மிகக் கடினமான கட்டம். சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்னொரு வழி. சுற்றுச்சூழல் சேதத்துக்கான நிவாரணம் கேட்க அங்கே ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு, மற்ற கோரிக்கைகளுக்கு ஆறு மாதம்தான். உரிமையியல் வழக்கில், சட்டத்தின்கீழ் செய்யப்பட்ட செயல் என்று அரசு சொன்னால் ஓராண்டு வரம்பு பொருந்தலாம். எனவே ஐப்பசி நிகழ்வை ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

"தளம் உங்களுக்கு முன்பே இருந்தது, தெரிந்துதானே ஷெட் போட்டீர்கள்" என்ற வாதம் வரும். சூலூர்த் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழமை கொண்டது என்பது உண்மை. ஆனால் தேஜஸ் விமானங்களின் முதல் பிரிவு அங்கே வந்தது 2018-இல், இரண்டாவது பிரிவு 2020 மே 27-இல். அதற்கு முன் நம் வானில் பெரும்பாலும் கேட்டது சரக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும். உங்கள் ஷெட் எந்த ஆண்டு கட்டப்பட்டது என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. மின் இணைப்பு, வங்கிக் கடன், ஊராட்சி ரசீது ஆகியவற்றில் எது 2018-க்கு முந்தைய தேதியைக் காட்டினாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். தொல்லை இருக்கும் இடத்துக்குத் தானே வந்தார் என்பது வழக்கை முற்றிலும் தோற்கடிக்காது, ஆனால் இழப்பீட்டுத் தொகையில் பிரதிபலிக்கும்.

செலவையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பேட்ச் கூலியில் பாதிக்காக உயர் நீதிமன்றம்வரை போவது உங்கள் குடும்பத்துக்குத் தாங்காது. பல பண்ணைகள் சேர்ந்து, நிறுவனமும் உடன் நின்றால் கணக்கு மாறும். தனியாக இருந்தால், திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண் என்ற முறையில் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. ஆகவே மனுக்களும் வழக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

மாமியாரின் உடல்நிலைக்கு நான் வழக்கு யோசனை சொல்லமாட்டேன். சத்தத்துக்கும் இதய நோய்க்கும் ஒரு தனிமனிதரின் உடலில் தொடர்பு நிறுவுவது மிகக் கடினம். அவருடைய இதய மருத்துவரிடம் இந்தத் திடுக்கிடலை விவரமாகச் சொல்லி, அவர் அதைச் சீட்டில் எழுதும்படி கேளுங்கள். மாத்திரையையோ படுக்கும் அறையையோ மாற்ற வேண்டுமா என்பது அவர் முடிவு.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை: மகனின் காணொளிகளை நீக்குவது, பேட்ச் அட்டை நகலையும் ஒப்பந்த நகலையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பது, கேமரா பொருத்துவது. ஒப்பந்தம் கையில் வந்ததும் இழப்புப் பற்றிய பக்கத்தையும், ஷெட் கட்டிய ஆண்டுக்கான ஆவணத்தையும் எனக்கு அனுப்பினால், முதல் மனுவின் வரைவைப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.